எதோடு ஒப்பிட்டுச் சின்னது? சில்வானஸ் தாம்சனின் நுண்கணிதப் புத்தகத்தைப் படித்தபோது

வகையிடலின் அடிப்படை விதிகள் எல்லாவற்றையும் ஒரு அஞ்சல் அட்டையில் எழுதிவிடலாம். மாறிலியை வகையிட்டால் பூஜ்யம். எக்ஸின் அடுக்கு வந்தால் அடுக்கை முன்னால் இறக்கி, மேலே ஒன்றைக் குறை. கூட்டல் இருந்தால் தனித்தனியாக வகையிட்டுக் கூட்டு. பெருக்கல் இருந்தால் முதலாவதை அப்படியே வைத்து இரண்டாவதை வகையிடு, பிறகு இரண்டாவதை வைத்து முதலாவதை வகையிடு, ரெண்டையும் கூட்டு. வகுத்தலுக்கும் இதே மாதிரி ஒன்று, நடுவில் கழித்தல் குறி, கீழே வர்க்கம். ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு உட்கார்ந்திருந்தால் சங்கிலி விதி. அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்பு மாணவர் இதை ஒரு சாயங்காலத்தில் மனப்பாடம் செய்துவிடுவார், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்.

அப்படியானால் இதைச் சொல்லித்தர ஒரு முழுப் புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். மனப்பாடம் பண்ணின அந்த மாணவரிடமே வேறொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெருக்கல் விதியில் ஏன் ரெண்டு உறுப்பு வருது? பெரும்பாலும் பதில் வராது. ‘ஃபார்முலா அப்படித்தான்’ என்பார். அங்கேதான் புத்தகத்துக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்துச் செய்த புத்தகம் ‘கால்குலஸ் மேட் ஈஸி’. இதைப் பற்றிப் பலரும் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். புகழ்ச்சியில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் புத்தகத்தின் நடுவே, எல்லாமே தொங்கிக்கொண்டிருக்கிற ஒரு இடத்தில், ஒரு ஒப்பீடு சரியாக விழவில்லை. அதைப் பற்றி யாராவது விரிவாகப் பேச வேண்டும் என்பதால்தான் இந்தக் குறிப்பு.

புத்தகமும் ஆளும்

முதல் பதிப்பு 1910ல் மேக்மில்லன் வழியாக வந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. ராயல் சொசைட்டி உறுப்பினர் என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் மட்டும்தான். எழுதியவர் சில்வானஸ் தாம்சன் என்பது 1916ல் அவர் இறந்த பிறகே வெளிப்படையாகத் தெரிந்தது. இயற்பியலாளர், மின் பொறியாளர். லண்டன் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக 1885லிருந்து கடைசிவரை இருந்தவர். மின்னாக்கிகளைப் பற்றி 1884ல் புத்தகம் எழுதியவர். கெல்வின் பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதியவரும் இவரே. அதுவும் அதே 1910ல்தான் வந்தது.

ஃபின்ஸ்பரியை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே பகல் வகுப்போடு மாலை வகுப்புகளும் உண்டு. பட்டறையிலும் மின்நிலையத்திலும் வேலை பார்க்கிறவர்களுக்கான இடம். அவர்களுக்கு நுண்கணிதம் ஒரு கருவி. ஸ்பானர் மாதிரி. ஆனால் அன்றைய பாடநூல்கள் அந்தக் கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன் பல பக்கங்களுக்குப் பயமுறுத்தின. தாம்சனுக்கு அதில் கோபம். முன்னுரையிலேயே அந்தக் கோபத்தைக் கிண்டலாக மாற்றிவிடுகிறார். முதல் அத்தியாயம் இரண்டே பக்கம்தான். அதில் செய்வது ஒன்றே ஒன்று: பயமுறுத்துகிற ரெண்டு குறிகளுக்குச் சாதாரணப் பேச்சில் அர்த்தம் சொல்வது. ‘டி’ என்றால் ‘கொஞ்சூண்டு’. நீளமான ‘எஸ்’ மாதிரி இருக்கிற தொகையிடல் குறி என்றால் ‘மொத்தமும்’. டிஎக்ஸ் என்பது எக்ஸில் ஒரு துளி. முடிந்தது.

நம் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ‘வகையிடல்’, ‘வகைக்கெழு’ என்ற சொற்கள் நல்ல சொற்கள்தான், நிலைத்தும்விட்டன. ஆனால் அவற்றைக் காதால் கேட்டால் எதையோ தரம் பிரிப்பது போலத்தான் இருக்கிறது. சின்னது என்ற எண்ணம் அதில் இல்லை. பாடத்தின் பெயரான ‘நுண்கணித’த்தில் அந்த ‘நுண்’ இருக்கிறது, உள்ளே போனால் காணாமல் போய்விடுகிறது. வகுப்பில் நாம் ‘டி ஒய் பை டி எக்ஸ்’ என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே போவோம். அதில் ‘டி’ என்பது என்ன என்று நின்று கேட்கிறவர் குறைவு.

சின்னதிலும் சின்னது

இரண்டாம் அத்தியாயம்தான் புத்தகத்தின் அஸ்திவாரம். சின்னது என்பதில் படிகள் உண்டு என்கிறார் தாம்சன். ஒரு மணி நேரத்தில் 60ல் ஒரு பங்கு நிமிஷம். நிமிஷத்தில் 60ல் ஒரு பங்கு விநாடி. நிமிஷம் முதல் படிச் சின்னது, விநாடி இரண்டாம் படிச் சின்னது. சின்னதின் சின்னப் பங்கை, முதல் சின்னதோடு ஒப்பிட்டால்கூடக் கண்டுகொள்ளத் தேவையில்லை. பவுனையும் ஃபார்திங்கையும் வைத்து இதே விஷயத்தை மறுபடி சொல்கிறார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்முடைய பழைய பின்ன வாய்ப்பாடு ஞாபகம் வந்தது. மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அதற்கும் கீழே போக வேண்டுமானால் முந்திரியையே ஒன்றாக வைத்துக்கொண்டு அதில் 320ல் ஒரு பங்கு எடுப்பார்கள். அது கீழ் முந்திரி, 1/1,02,400. முந்திரியின் முந்திரி. தாம்சன் விநாடியை வைத்துச் சொல்வதை நம் கணக்கர்கள் ஒரு ‘கீழ்’ போட்டே சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் நுண்கணிதம் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாம் படிச் சின்னது என்ற எண்ணம் தமிழ்க் காதுக்கு அந்நியமானது இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த அஸ்திவாரத்தின் மேல் பெருக்கல் விதி எப்படி எழும்புகிறது என்று பார்ப்போம். எண்கள் என்னுடையவை. 60 அடி நீளம், 40 அடி அகலம் கொண்ட ஒரு மனை. பரப்பு 2,400 சதுர அடி. நீளத்தில் 2 அடியும் அகலத்தில் 1 அடியும் கூடுகிறது. இப்போது 62 × 41 = 2,542. கூடியது 142. இந்த 142 எங்கிருந்து வந்தது? நீளம் கூடியதால் ஒரு பட்டை: 2 × 40 = 80. அகலம் கூடியதால் ஒரு பட்டை: 60 × 1 = 60. மூலையில் ஒரு துண்டு: 2 × 1 = 2. ரெண்டு பட்டை, ஒரு மூலை. மூலைத்துண்டு சின்னதின் சின்னது. அதை விட்டால் ரெண்டு பட்டைதான் மிச்சம். பெருக்கல் விதியில் ஏன் ரெண்டு உறுப்பு என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ரெண்டு பக்கமும் வளருது, ரெண்டு பட்டை ஒட்டுது.

பள்ளிப் பாடநூல் நிரூபணத்தில் இந்தப் பட்டைகள் கண்ணில் படாது. அங்கே திடீரென்று ஒரு உறுப்பைக் கூட்டி, அதையே கழிப்பார்கள். கூட்டிக் கழித்ததால் மதிப்பு மாறவில்லை, அதனால் தப்பில்லை. ஆனால் அந்த உறுப்பை ஏன் கூட்டினோம்? ஒரு பட்டையை மட்டும் வளர்த்துவிட்டு நிற்கிற இடைநிலை மனைதான் அது. நீளம் கூடியாச்சு, அகலம் இன்னும் கூடலை. இந்த ஒரு வரியை யாராவது சொன்னால் அந்த நிரூபணம் நிரூபணமாகத் தெரியும். சொல்லாவிட்டால் வித்தை மாதிரித் தெரியும்.

சொல்லப்படாத தப்பு

இங்கே தாம்சன் மேல் என் முதல் குறை. அவர் வாசகரைச் சரியான விடைக்கு நேராகக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். தப்பான விடைக்குப் போகிற வாய்ப்பையே தருவதில்லை.

பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலருக்கு நான் கணக்குச் சொல்லித்தருவதுண்டு. பெருக்கல் விதி வரும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “ஏண்ணா, கூட்டல்ல தனித்தனியா வகையிட்டுக் கூட்டினோம்ல? பெருக்கல்லயும் தனித்தனியா வகையிட்டுப் பெருக்கிட்டா ஆகாதா?” இதை முட்டாள்தனமான கேள்வி என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. லைப்னிட்ஸே இதைக் கேட்டிருக்கிறார். 1675 நவம்பரில் எழுதிய கையெழுத்துக் குறிப்புகளில், பெருக்கலின் ‘டி’யும் ‘டி’களின் பெருக்கலும் ஒன்றா என்று சோதித்துப் பார்த்து, இல்லை என்ற முடிவுக்கு வருகிறார். சரியான விதி அவர் கைக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவருக்கே நின்று யோசிக்க வேண்டியிருந்த இடம் இது.

சோதிப்பதும் சுலபம். எக்ஸ்² என்பது எக்ஸ் × எக்ஸ். எக்ஸை வகையிட்டால் 1. தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கினால் 1 × 1 = 1. ஆனால் எக்ஸ்²ஐ வகையிட்டால் 2எக்ஸ் என்று ஏற்கெனவே தெரியும். உடைந்துவிட்டது. மனைக் கணக்கில் பார்த்தால் ‘டி’களைப் பெருக்குவது என்றால் அந்த மூலைத்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ரெண்டு பட்டையையும் வீசிவிடுவது. அதாவது வீச வேண்டியதை வைத்துக்கொண்டு வைக்க வேண்டியதை வீசுவது. இதைத் தானே ஒருமுறை செய்து பார்த்த மாணவருக்குப் பெருக்கல் விதி அப்புறம் மறக்காது.

லைப்னிட்ஸ் 1684ல் இந்த விதிகளை லைப்சிக் நகரிலிருந்து வந்த ‘ஆக்டா எருடிட்டோரம்’ இதழில் வெளியிட்டபோது நிரூபணம் இல்லாமலேயே வெளியிட்டார். விதிகளை விதிகளாக மட்டும் கொடுக்கிற வழக்கம் அந்த முதல் கட்டுரையிலேயே ஆரம்பித்துவிட்டது. அதற்கு முந்தைய குறிப்புகளில் இருந்த தடுமாற்றம் அச்சில் வரவில்லை. தாம்சன் நிரூபணத்தைக் கொடுக்கிறார், அது பெரிய முன்னேற்றம். தடுமாற்றத்தையும் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

எதோடு ஒப்பிடுவது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் அத்தியாயத்தில் எக்ஸ்²ஐ வகையிட்டுக் காட்டிய பிறகு, எண்ணை வைத்துச் சோதிக்கிறார் தாம்சன். எக்ஸ் 100 என்று வைத்துக்கொள்கிறார். வர்க்கம் 10,000. எக்ஸை 101 ஆக்கினால் வர்க்கம் 10,201. அந்தக் கடைசி 1ஐ விட்டுவிட்டால் கூடியது 200. 200ஐ 1ஆல் வகுத்தால் 200. விதி சொல்வதும் 2 × 100 = 200. சரியாக வருகிறது. முழுசாக ஒன்றை விட்டுவிட்டோமே என்று வாசகர் சந்தேகப்படுவார் என்று அவரே எதிர்பார்த்து, துளியை இன்னும் சின்னதாக்குகிறார். 100.1இன் வர்க்கம் 10,020.01. இப்போது விடுவது 0.01. இது 10,000ல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, தாராளமாக விடலாம் என்கிறார்.

அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்துப் பாருங்கள். 0.01ஐ அவர் 10,000ஓடு ஒப்பிடுகிறார். ஏன் 10,000ஓடு?

துளியை 0.00001 ஆக்கிப் பாருங்கள். அப்போது வர்க்கத்தில் கூடுவது சுமார் 0.002. இது 10,000ல் எத்தனை பங்கு? 50 லட்சத்தில் ஒரு பங்கு. பத்து லட்சத்தில் ஒரு பங்கை விடலாம் என்றால் 50 லட்சத்தில் ஒரு பங்கைத் தாராளமாக விடலாமே? விட்டால் என்ன ஆகும்? நாம் தேடிக்கொண்டிருந்த வளர்ச்சியே போய்விடும். வகைக்கெழு பூஜ்யம் என்று விடை வரும். ஆக, மொத்தத்தோடு ஒப்பிடுகிற அளவுகோல் குப்பையையும் சரக்கையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடும்.

சரியான ஒப்பீடு வளர்ச்சியோடு. துளி 1 என்றால் கூடுவது 200, மிச்சம் 1. 200ல் ஒரு பங்கு. துளி 0.1 என்றால் கூடுவது 20, மிச்சம் 0.01. 2,000ல் ஒரு பங்கு. துளி 0.01 என்றால் கூடுவது 2, மிச்சம் 0.0001. 20,000ல் ஒரு பங்கு. துளி பத்து மடங்கு சின்னதாகும் ஒவ்வொரு தடவையும் மிச்சத்தின் பங்கும் பத்து மடங்கு சின்னதாகிறது. கேட்கிற அளவுக்கு அதைச் சின்னதாக்கிக்கொண்டே போகலாம். இதுதான் விஷயமே. மனைக் கணக்கிலும் இதேதான்: 2 அடியும் 1 அடியும் கூடினபோது பட்டைகள் 140, மூலை 2. எழுபதில் ஒரு பங்கு. 0.2 அடியும் 0.1 அடியும் கூடினால் பட்டைகள் 14, மூலை 0.02. எழுநூறில் ஒரு பங்கு.

தாம்சனுக்கு இது தெரியாமல் இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் விநாடியை நிமிஷத்தோடுதானே ஒப்பிட்டார்! அந்தப் பாடத்தையே இரண்டு அத்தியாயம் தள்ளி, எண் போட்டுக் காட்டும்போது விட்டுவிடுகிறார். சின்ன வழுக்கல்தான். ஆனால் வழுக்கியது படியின் விளிம்பில். வாசகர் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகிற எண்ணம், ‘நுண்கணிதம் என்றால் தோராயம், கொஞ்சம் தப்பு இருக்கும், பரவாயில்லை’ என்பது. பொறியியல் படித்த பல நண்பர்கள் இதே எண்ணத்தோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். 2எக்ஸ் என்பது தோராயம் இல்லை, துல்லியம். அந்த விகிதம் 201, 200.1, 200.01 என்று நெருங்கிக்கொண்டே போகிற இலக்கு 200. விட்டுவிட்ட 1ஐயும் 0.01ஐயும் யாரும் கம்பளத்துக்குக் கீழே தள்ளவில்லை. வகுத்தபின் அவையே தம் போக்கில் கரைகின்றன.

இந்த இடத்தில் சண்டை வருவது புதுசும் இல்லை. மூலைத்துண்டை விடச் சங்கடப்பட்டவர்களில் நியூட்டனும் உண்டு. ‘பிரின்சிபியா’வின் இரண்டாம் புத்தகத்தில், இரண்டாம் துணைத்தேற்றத்தில், ஒரு சாமர்த்தியம் செய்கிறார். முழுத் துளியை ஒரு பக்கம் கூட்டாமல், பாதியை முன்னாலும் பாதியைப் பின்னாலும் எடுக்கிறார். நம் மனையில் 61 × 40.5 = 2,470.5. பின்பக்கம் 59 × 39.5 = 2,330.5. வித்தியாசம் சரியாக 140. மூலைத்துண்டே வரவில்லை! அழகுதான். ஆனால் அயர்லாந்துப் பிஷப் ஜார்ஜ் பெர்க்லி 1734ல் ‘தி அனலிஸ்ட்’ என்ற நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். மனை 60க்கு 40லிருந்து 62க்கு 41 ஆக வளர்ந்தால் கூடியது 142தானே, 140 எப்படி ஆகும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் வருவதற்கு 19ஆம் நூற்றாண்டில் கோஷி, வையர்ஸ்ட்ராஸ் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தாம்சன் எழுதும்போது அந்தப் பதில் கையில் இருந்தது. மாலை வகுப்பு மாணவருக்கு அதன் முழு இயந்திரமும் வேண்டாம் என்று அவர் முடிவு செய்தது சரி. ஆனால் சரியான எண்ணோடு ஒப்பிட்டுக் காட்ட எந்த இயந்திரமும் தேவையில்லை, ஒரு வரி போதும்.

வரிசை

இரண்டாவது குறை வரிசையைப் பற்றியது. அடுக்கு விதியைத் தாம்சன் கண்டுபிடிக்க வைக்கிறார். எக்ஸ்², எக்ஸ்³, எக்ஸ்⁴ ஒவ்வொன்றையும் விரித்து எழுதி, விடைகளை அட்டவணையாகப் போட்டு, பார், ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்று கேட்கிறார். 2எக்ஸ், 3எக்ஸ்², 4எக்ஸ்³. ஒழுங்கு கண்ணில் அடிக்கிறது. வாசகர் தானே விதியைச் சொல்லிவிடுகிறார். பாடம் நடத்தத் தெரிந்த கை இது.

ஆனால் மூன்று விடையைப் பார்த்து நாலாவதைச் சொல்வது ஊகம். ஊகத்தை உறுதியாக்க நல்ல வழி பெருக்கல் விதி. எக்ஸ்³ என்பது எக்ஸ்² × எக்ஸ். விதியைப் போட்டால் 2எக்ஸ் × எக்ஸ் + எக்ஸ்² × 1 = 3எக்ஸ்². எக்ஸ்⁴ என்பது எக்ஸ்³ × எக்ஸ். 3எக்ஸ்³ + எக்ஸ்³ = 4எக்ஸ்³. ஒவ்வொரு படியும் ஒரு எக்ஸ்³ மாதிரி ஒன்றைக் கூட்டுகிறது, அதனால்தான் முன்னால் நிற்கிற எண் ஒவ்வொன்றாக ஏறுகிறது. ஆறாம் அடுக்கானாலும் அறுபதாம் அடுக்கானாலும் இதேதான். பெருக்கல் விதி ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது, அடுக்கு விதியோ நான்காம் அத்தியாயத்தில். ஆறை முடித்துவிட்டு நாலுக்குத் திரும்பிப் போங்கள் என்பதே என் யோசனை. விதிகள் ஆறு தனித்தனி வரிகள் இல்லை, ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சங்கிலி

சங்கிலி விதிக்குத் தாம்சன் வைத்த பெயர் விதி என்றே இல்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் அதைப் பயனுள்ள ஒரு உபாயம் என்ற பொருளில் அறிமுகம் செய்கிறார். எக்ஸ்² + 1 என்பதன் 10ஆம் அடுக்கை வகையிட வேண்டும் என்றால் விரித்து 11 உறுப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உள்ளே இருப்பதை ‘யு’ என்று பெயர் வை. யு¹⁰ஐ வகையிட்டால் 10யு⁹. யுவை வகையிட்டால் 2எக்ஸ். பெருக்கு. ஒரே வரி. டிஒய்யை டியுவால் வகுத்து, டியுவை டிஎக்ஸால் வகுத்துப் பெருக்கினால் நடுவில் உள்ள டியு அடிபட்டுப் போகும்.

தமிழில் ‘சங்கிலி’ என்ற பெயர் கூடுதலாக ஒரு உதவி செய்கிறது. சைக்கிளை நினைத்துக்கொள்ளலாம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின் பல்சக்கரம் இரண்டரைச் சுற்று. பின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு வண்டி 2 மீட்டர் போகும். மிதியின் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர். வேகவிகிதங்கள் பெருகுகின்றன. இதில் விளக்க ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்த ‘அடிபட்டுப் போகும்’ என்பதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். தாம்சன் அதை அழுத்திச் சொல்லவில்லை. ஒரு மாறி இருக்கும்வரை பின்னம் மாதிரி அடிப்பது தொந்தரவு தராது. இரண்டு மூன்று மாறி வந்தால் கதை மாறும். வாயுவின் அழுத்தம், கன அளவு, வெப்பநிலை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைக் கன அளவால், கன அளவை வெப்பநிலையால், வெப்பநிலையை அழுத்தத்தால் பகுதி வகையிட்டு மூன்றையும் பெருக்கினால், பின்னம் அடிக்கிற பழக்கத்தில் 1 என்று சொல்லத் தோன்றும். இலட்சிய வாயுச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், வருவது −1. ஒவ்வொரு தடவையும் வேறொரு மாறியை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறோம், அதனால் மேலே உள்ள துளியும் கீழே உள்ள துளியும் ஒரே துளி இல்லை. ஃபின்ஸ்பரி மாணவர்கள் நீராவி எஞ்சினைப் படிக்கப் போகிறவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கும் எச்சரிக்கை இது.

இருந்தும்

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்தப் புத்தகத்தைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். வேறு எந்தத் தொடக்கநிலைப் புத்தகத்திலும் நான் பார்க்காத ஒன்று இதில் இருக்கிறது. வாசகரின் பயத்தை அவர் மதிக்கிறார். சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கைப் பாருங்கள். ஏணியின் அடி சுவரிலிருந்து 19 அங்குலம், உச்சி 15 அடி உயரத்தில். அடியை ஒரு அங்குலம் வெளியே இழுத்தால் உச்சி எவ்வளவு இறங்கும்? 0.11 அங்குலம்தான். விதி எதுவும் வருவதற்கு முன்னாலேயே, மூன்றாம் அத்தியாயத்தில், ரெண்டு துளிகளின் விகிதம் என்றால் என்ன என்பது கைக்கு வந்துவிடுகிறது. வட்டிக்கு வட்டியை வைத்து ‘ஈ’ என்ற எண்ணுக்கு வருகிற அத்தியாயமும் அப்படித்தான். 10 சதவீத வட்டிக்கு 100 பவுன் பத்து வருஷத்தில் தனிவட்டியில் 200 ஆகும். வருஷாவருஷம் வட்டியை முதலோடு சேர்த்தால் 259 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ். நொடிக்கு நொடி சேர்த்துக்கொண்டே போனால் 272ஐத் தாண்டாது. தன்னையே வகைக்கெழுவாகக் கொண்ட சார்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு, கடன் வாங்கின யாருக்கும் புரிகிற விளக்கம்.

மார்ட்டின் கார்ட்னர் 1998ல் இதைத் திருத்திப் பதிப்பித்தபோது சார்பு, எல்லை, வகைக்கெழு என்று மூன்று அத்தியாயங்களை முன்னால் சேர்த்தார். நோக்கம் புரிகிறது. தாம்சன் விட்ட ஓட்டையை அடைக்கப் பார்த்திருக்கிறார். ஆனால் வாசலில் கொண்டுபோய் வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. பயத்தைப் போக்கத்தான் தாம்சன் இரண்டு பக்க அத்தியாயத்தை முதலில் வைத்தார். அதற்கு முன்னால் எல்லையைப் பற்றிப் பாடம் நடத்தினால் பழைய பாடநூலுக்கே திரும்பிப் போகிறோம். எல்லை என்ற எண்ணம் வர வேண்டிய இடம் நான்காம் அத்தியாயம், அந்த 10,020.01 இருக்கிற பக்கம். அங்கே வாசகருக்கே ஒரு உறுத்தல் இருக்கும். உறுத்தும்போது சொன்னால் ஏறும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துளிகளை வைத்துக் கணக்குப் போடுவது ஒழுங்கீனம் என்று சொன்னவர்களுக்கு 1960களில் ஆப்ரகாம் ராபின்சன் பதில் கொடுத்துவிட்டார். மெய்யெண்களை விரித்து, துளிகளுக்கும் முறையான இடம் இருக்கிற ஒரு எண் தொகுதியைக் கட்டிக்காட்டினார். ஜெரோம் கீஸ்லர் 1976ல் அதை வைத்துக் கல்லூரிப் பாடநூலே எழுதினார். ஆக, தாம்சன் நடந்த பாதை தப்பான பாதை இல்லை. நான் சொன்ன வழுக்கல் பாதையில் இல்லை, ஒரு அடி வைத்ததில்தான்.

மூல நூல் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் ஆறு அத்தியாயங்களை ஒரு வாரத்தில் படித்துவிடலாம், பென்சிலோடு. நான்காம் அத்தியாயத்தில் அவர் வர்க்கத்தை வைத்துச் செய்ததை நீங்கள் கனத்தை வைத்துச் செய்து பாருங்கள். எக்ஸ் 10 என்றால் கனம் 1,000. 10.1இன் கனம் 1,030.301. விதி சொல்கிற வளர்ச்சி 30, மிச்சம் 0.301. நூறில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட. 10.01இன் கனம் 1,003.003001. விதி சொல்வது 3, மிச்சம் 0.003001. ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்ததை நீங்களே போட்டுப் பாருங்கள், மிச்சத்தை 1,000ஓடு ஒப்பிடாமல் வளர்ச்சியோடு ஒப்பிடுங்கள்.

‘உனக்குக் கணக்கு வராது’ என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு இருக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், மனைக் கணக்கை ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். ரெண்டு பட்டையும் ஒரு மூலையும். விதியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.